பேரிளம்பெண்ணுக்குப் பின்னர்

பாட்டியல் நூலார் பெண்ணின் வாழ்நாளை ஏழாக வகுத்தனர். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்னும் அவ்வேழு பெயரும் சிறப்புத் தமிழ் பயிலும் எவருக்கும் மனப்பாடம். பெரிதும் வழங்கும் கணக்கின்படி பேதைக்கு 5 முதல் 7 வயது; பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40 வயது. நாற்பதோடு அட்டவணை முடிந்துவிடுகிறது. ஆடவர் பருவங்களை எண்ணியபோது முதுமகன் என்றொரு பருவத்தை வைத்த அதே மரபு, முதுமகள் என்று ஒரு பருவத்தை இவ்வட்டவணையில் வைக்கவில்லை. காரணம் வெளிப்படையானது. உலா இலக்கியத்தில் தெருவிலே பவனிவரும் தலைவனைக் கண்டு மையல் கொள்வதற்காகவே இவ்வேழு பருவத்துப் பெண்களும் வாயிலுக்கு வருகின்றனர். மையல் கொள்ளும் தகுதி முடிந்தவளுக்குத் தெருவில் வேலையில்லை. ஆகவே இலக்கணத்தில் பெயருமில்லை.

இது நிலமானிய சமுதாயத்தின் பார்வை, இன்று நாம் அதைக் கடந்துவிட்டோம் என்று எவரும் அமைதிகொள்ள வேண்டாம். நமது கிராமங்களிலே குடும்பநல மாது வைத்திருக்கும் பதிவேட்டை எடுத்து நோக்குவோம். தகுதிவாய்ந்த குடும்பங்கள் என்று அதில் பதியப்படுவன, 15 முதல் 49 வயது வரையான பெண் உள்ள குடும்பங்களாகும். இலங்கையின் குடித்தொகை, சுகாதார அளவீடு 2016 இல் நடத்தப்பட்டபோது பெண்களுக்கான வினாக்கொத்து திருமணமான, முன்னர் திருமணமாகியிருந்த, 15 முதல் 49 வயது வரையான பெண்களிடமே கொண்டுசெல்லப்பட்டது. உலகின் பல நாடுகளிலும் இவ்வகை அளவீடுகளின் எல்லை இதுவே. பாட்டியலார் நாற்பதில் போட்ட கோட்டை நவீன அரசு நாற்பத்தொன்பதிற்கு நகர்த்தியிருக்கிறது. அங்கு அளவுகோல் காமம். இங்கு அளவுகோல் கருவளம். இரண்டும் முடிந்த பின்னர் அவள் யார் என்ற வினாவை இரண்டுமே கேட்கவில்லை.

மாதவிடாய் நின்றுபோகும் காலத்தைப் பற்றித் தமிழ்ச் சங்க மலருக்கு எழுதப்போவதாகக் கூறியபோது நண்பர் ஒருவர், “இது மருத்துவபீடத்தாரின் மலருக்கு உரியது, இங்கு எதற்கு?” என்றார். இன்னொருவர், இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு இதிலென்ன அநுபவம் என்று நகைத்தார். முதலாமவருக்கு மட்டும் மறுமொழி கூறலாம். பூப்பைப் பற்றிப் பேசுவது தமிழிலக்கணத்துக்குப் புறம்பானதென்று தொல்காப்பியர் கருதவில்லை. பூப்பு நிகழ்ந்த பின்வரும் பன்னிரு நாளும் தலைவன் தலைவியைப் பிரிந்துறைதல் தகாது என்பது கற்பியலில் இடம்பெற்ற செய்தி. உரையாசிரியர்கள் அதற்குக் கருவுறுதல் பற்றிய விளக்கங்களும் எழுதினர். ஆக, மாதவிடாய் ஆடவனுக்கும் அவன் சந்ததிக்கும் பயன்படுமிடத்து அது இலக்கணம்; அவளுக்கே உரிய துன்பமாக எஞ்சுமிடத்து மருத்துவபீடம். இப்பாகுபாட்டைத்தான் இக்கட்டுரை ஏற்க மறுக்கிறது. இரண்டாமவரின் நகைப்புக்கு விடை தேவையில்லை. நமது தாய்மார் நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையில் நிற்கின்றனர். நமக்குக் கற்பிக்கும் விரிவுரையாளருட் பலரும் அவ்வாறே.

நிகழ்வது யாது என்பதை முதலிற் சுருக்கமாகக் கூறுவது நன்று. பெண்ணின் சூலகங்களில் உள்ள முட்டைக்குரிய புடைப்புகள் பிறப்பிலேயே எண்ணி வைக்கப்பட்டவை. அவை குறைந்து ஒழியும் நிலையில் ஈஸ்திரஜன், புரொஜெஸ்தரோன் ஆகிய ஓமோன்களின் சுரப்பு முதலில் ஒழுங்கு குலைந்து, பின்னர் வீழ்கிறது. தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராதிருந்தால் அது நின்றுவிட்டது எனக் கொள்வர். பெரும்பாலோருக்கு இது 45 முதல் 55 வயதுக்குள் நிகழும். பன்னிரண்டு வயதில் தொடங்கி ஐம்பதில் ஒடுங்கும் என்று சுசுருத சங்கிதையே கூறியிருப்பதால், இது நவீன வாழ்க்கை கொண்டுவந்த புதுமை என்று கூறுவோர் பழைய நூல்களையும் படித்தவரல்லர். நாற்பதுக்கு முன்னரே நின்றுபோவோரும் உளர். சத்திரசிகிச்சையில் இரு சூலகங்களும் அகற்றப்பட்டவருக்கோ ஒரே நாளில் அந்நிலை வந்துவிடுகிறது. மனங்கொள்ள வேண்டியது, இது ஒரு நாள் நிகழ்வன்று. ஆண்டுக்கணக்கில் நீளும் ஒரு கடத்தல் என்பதே. அமெரிக்காவில் பல இனப் பெண்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வொன்றின் முடிவு 2015 இல் வெளிவந்தது. திடீர் வெக்கையும் இரவு வியர்வையும் அடிக்கடி வருத்திய பெண்களுள் அது நீடித்த காலத்தின் இடைநிலை அளவு 7.4 ஆண்டுகள். ‘கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்’ என்று நாம் சொல்லும் அந்தக் கொஞ்ச நாளின் நீளம் இது.

மூளையிலே உடலின் வெப்பத்தைச் சீர்செய்யும் பகுதி பரிவகக்கீழ் ஆகும். ஈஸ்திரஜன் குறையும்போது அங்குள்ள சில நரம்புக் கலங்கள் கட்டுப்பாடிழந்து, மிகச் சிறிய வெப்பமாற்றத்தையும் பெருவெப்பமாகக் கொண்டு உடலைக் குளிரச்செய்ய முனைகின்றன. நெஞ்சிலிருந்து முகத்துக்கு வெக்கை ஏறுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, சற்று நேரத்தில் குளிரெடுக்கிறது. இது கற்பனையுமன்று, ‘நரம்புத் தளர்ச்சி’யுமன்று. ஆயினும் யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில், புகை நிறைந்த அடுப்படியிலே நிற்கும் ஒருத்தி தன் உடலின் வெக்கையையும் ஊரின் வெக்கையையும் எங்ஙனம் பிரித்தறிவாள்? நெஞ்சு படபடத்தால் இருதய நோயென்று அஞ்சுகிறாள். மூட்டு நொந்தால் வாதம் என்கிறாள். இரவு மூன்று மணிக்கு விழித்து, விடியும்வரை முகட்டைப் பார்த்துக் கிடந்து, மறுநாள் பெயர்களும் பொருள் வைத்த இடங்களும் மறந்துபோக, தனக்கு மூளை கலங்குகிறதோ என்று எவரிடமும் சொல்லாமல் அழுகிறாள். வீட்டார் அவளுக்குச் சூட்டும் பெயர் ‘சிடுமூஞ்சி’. தைரொயிட்டுச் சுரப்பியின் கோளாறும் குருதிச்சோகையும் இதே குறிகளைக் காட்டக்கூடும்; அவற்றை வேறுபிரித்தறிய எளிய குருதிப் பரிசோதனைகள் உண்டு. ஆனால் பரிசோதனைக்குப் போவதற்கு முதலில் ‘எனக்கு ஏதோ நிகழ்கிறது’ என்று சொல்லும் உரிமை வேண்டும்.

இவ்வுரிமைக்கு எதிராக நிற்கும் வாதங்கள் மூன்று. முதலாவது, இது இயற்கை. நமது பாட்டிமார் மருந்தா குடித்தார்கள் என்பது. பிள்ளைப்பேறும் இயற்கையே. 1940களில் இந்நாட்டில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்தனர். அதுவும் இயற்கையாகவே நிகழ்ந்தது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவைத் தொடங்கியவர்களும், பின்னர் கிராமந்தோறும் பயிற்சிபெற்ற மருத்துவிச்சிமாரை அனுப்பியவர்களும் ‘இயற்கை’ என்று கைகட்டி நின்றிருந்தால், ஆசியாவுக்கே எடுத்துக்காட்டென்று நாம் பெருமைப்படும் தாய்நலச் சேவை உருவாகியிருக்காது. பாட்டிமார் பொறுத்தனர் என்பது உண்மை. அவர்கள் பொறுத்ததைக் கேட்டு எழுதி வைத்தவர் எவரும் இல்லையாதலால் எதைப் பொறுத்தனர் என்பது நமக்குத் தெரியாது என்பதும் உண்மை. இன்று இலங்கைப் பெண்ணின் ஆயுள் எதிர்பார்ப்பு எண்பதை அண்மித்திருக்கிறது. மாதவிடாய் நின்ற பின்னர் அவள் வாழப்போவது ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். வாழ்நாளில் மூன்றிலொரு பங்குக்கு மேல். இத்துணை நீண்ட காலத்தைப் பொறுமை என்ற ஒரு சொல்லின் கீழ் அடக்குவது எங்ஙனம்?

இரண்டாவது வாதம் சற்று நுட்பமானது. கற்றவர் வாயிலிருந்து வருவது. கீழைத்தேயப் பெண்ணுக்கு இத்துன்பம் இல்லை, முதுமையை மதிக்கும் பண்பாட்டில் இது ஒரு நோயாகத் தோன்றுவதில்லை, இளமையை வழிபடும் மேலைநாட்டாரின் நோய் இது என்பர். இதற்குச் சான்றாக மானிடவியலாளர் மார்கரெட் லொக் 1993 இல் வெளியிட்ட ஜப்பானிய ஆய்வு எடுத்தாளப்படுவதுண்டு. வட அமெரிக்கப் பெண்களைவிட ஜப்பானியப் பெண்கள் திடீர் வெக்கையைக் குறைவாகவே கூறினர் என்றும், அவர்களுடைய ‘கோனென்கி’ என்ற சொல் தோள் விறைப்பு, தலைவலி முதலாய பலவற்றையும் அடக்கிய பரந்த பொருளுடையது என்றும் அவ்வாய்வு காட்டியது. உடலும் பண்பாடும் ஒன்றையொன்று வனைகின்றன என்பதே அதன் பேறு. கீழைத்தேயப் பெண் நலமாயிருக்கிறாள், அவளை விட்டுவிடுங்கள் என்று அவ்வாய்வு கூறவில்லை. மேலும், ஜப்பானியருக்கு ‘கோனென்கி’ என்றொரு சொல்லாவது உண்டு; பெண்கள் அதைச் சொல்லித் தம் உடலைப் பற்றிப் பேசினர், ஆய்வாளர் கேட்டார். நமது பெண்ணிடம் எவரும் கேளாதிருந்துவிட்டு, அவள் சொல்லவில்லை என்பதையே அவளுக்கு நோவில்லை என்பதற்குச் சான்றாக்குவது எவ்வகை அளவை? முதுமையை மதிக்கும் பண்பாடு என்ற கூற்றையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். நாம் மதிப்பது நரைத்து முடிந்த முதுமையை. ஔவையார் இளமையிலேயே முதுமையை வேண்டிப் பெற்றார் என்பது கதை. காரைக்காலம்மையார் தசையுதிர்த்துப் பேயுரு வேண்டிப் பெற்றார் என்பது புராணம். மணவாழ்வு வேண்டாத பெண்ணுக்கும் மணவாழ்வு முறிந்த பெண்ணுக்கும் நமது மரபு காட்டிய வழி ஒன்றே: இடைப்பட்ட பருவத்தைத் தாண்டிக் குதித்துவிடு. சங்க அகப்பாடல்களில் நற்றாயும் செவிலியும் எத்துணையோ பேசுகின்றனர். மகளின் மேனி வாடியதையும் வளை நெகிழ்ந்ததையும் நுணுகி நோக்கும் அத்தாய்மார் தாமும் ஏறத்தாழ நாம் பேசும் பருவத்தினரே. தம்முடைய மேனியைப் பற்றி அவர்கள் வாய்திறப்பதில்லை.

மூன்றாவது எதிரி சந்தை. இவ்விடத்துச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். ஏனெனில் மௌனத்தைக் கண்டிப்போர் பலர் நேராக மருந்துக் கடையின் வாயிலிற் போய் நின்றுவிடுகின்றனர். கர்ப்பமுற்ற குதிரையின் சிறுநீரிலிருந்து பெற்ற ஈஸ்திரஜன் அமெரிக்காவில் 1942 முதல் விற்பனைக்கு வந்தது. 1966 இல் றொபேட் வில்சன் என்ற வைத்தியர் ‘என்றென்றும் பெண்மை’ என்ற கருத்துத் தோன்றும் தலைப்பில் ஒரு நூலை எழுதி, மாதவிடாய் நிற்றல் ஒரு குறைபாட்டு நோய் என்றும், ஓமோன் உட்கொள்ளாத பெண் பெண்மை அழிந்தவள் என்றும் பிரசாரஞ் செய்தார். நூல் பெருவாரியாக விற்பனையாயிற்று. அவருக்கு ஓமோன் உற்பத்தியாளரிடமிருந்து பணம் சென்றமை பின்னர் வெளிவந்தது. அவர் நூலை ஆழ்ந்து நோக்கின், உலா பாடிய புலவனின் குரலே அதில் கேட்கும். கணவனின் கண்ணுக்கு இனியவளாக இருத்தலே பெண்ணின் நலம் என்பதுதான் அதன் உட்கிடை. 1975 இல், ஈஸ்திரஜனைத் தனியே உட்கொண்ட பெண்களிடத்துக் கருப்பை அகவணிப் புற்றுநோய் மிகுவதை ஆய்வுகள் புலப்படுத்தின. அதன் பின்னரே கருப்பையுள்ள பெண்ணுக்கு ஈஸ்திரஜனோடு புரொஜெஸ்தரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது நிலைபெற்றது.

பின்னர் ஊசல் மறுபக்கம் ஓடிற்று. அமெரிக்காவில் நடைபெற்ற மகளிர் நல முன்முயற்சி என்னும் பேராய்வின் ஒரு பகுதியில் 16,608 பெண்களுக்கு இருவகை ஓமோனும் சேர்ந்த மருந்தோ வெறுங்குளிசையோ கொடுக்கப்பட்டது. மார்புப் புற்றுநோய் கூடியதால் 2002 யூலையில் அப்பகுதி இடைநிறுத்தப்பட்டது. உலகெங்கும் பெண்கள் குளிசையை வீசினர். வைத்தியர்கள் எழுதிக் கொடுக்க அஞ்சினர். கூடிய அளவு எவ்வளவு என்று கேட்டோர் சிலரே. ஓராண்டில் 10,000 பெண்களுக்கு 30 ஆக இருந்தது 38 ஆயிற்று, அதாவது எட்டுப் பேர் மிகுதி. ஆய்வுக்குட்பட்டோரின் சராசரி வயது 63. வெக்கையால் வருந்தி வைத்தியரை நாடும் 50 வயதினள் அல்லள். கருப்பை அகற்றப்பட்ட பெண்களுக்கு ஈஸ்திரஜன் மட்டும் கொடுத்த மற்றைப் பகுதியில் மார்புப் புற்றுநோய் கூடவில்லை. பக்கவாதம் கூடியதால் 2004 இல் அது நிறுத்தப்பட்டது. இந்நுணுக்கங்கள் பத்திரிகைத் தலைப்புகளில் இடம்பெறவில்லை. ஏறத்தாழ இரு தசாப்தங்களுக்கு மேலாக ஒரு தலைமுறைப் பெண்கள் அச்சத்தினால் சிகிச்சையின்றி விடப்பட்டனர். 2025 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் இம்மருந்துகளின் மேலிருந்த கடும் எச்சரிக்கைகளிற் பெரும்பாலானவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது. அவ்வறிவிப்பையும் சந்தை தன் பாட்டுக்கு இசையமைத்துப் பாடும் என்பதில் ஐயமில்லை. முதலில் ‘உட்கொள், இன்றேல் பெண்ணல்லை’ என்றனர். பின்னர் ‘உட்கொள்ளாதே, இறப்பாய்’ என்றனர். எட்டுப் பேர் என்ற கணக்கை அவள் முன்னே வைத்து, ‘உன் துன்பம் எவ்வளவு, நீயே நிறுத்துப் பார்’ என்று கூறுதல் எவருக்கும் தோன்றவில்லை.

இன்று வைத்திய உலகில் பெரிதும் ஒத்துக்கொள்ளப்பட்ட நிலைப்பாடு அத்துணை சிக்கலானதன்று. அறுபது வயதுக்குட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டு கடவாத, வேறு தடையில்லாத பெண்ணுக்கு வெக்கையும் உறக்கமின்மையும் வாழ்வைக் குலைக்குமாயின் ஓமோன் சிகிச்சையின் நன்மை தீமையை விஞ்சும். மார்புப் புற்றுநோய் கண்டவர், நாளங்களிற் குருதி உறைவு ஏற்பட்டவர், ஈரல் நோயாளர், காரணம் அறியப்படாத குருதிப்போக்குடையவர் ஆகியோருக்கு அது பொருந்தாது. தோல்வழி செலுத்தும் ஈஸ்திரஜன், குளிசையைவிடக் குருதி உறையும் ஆபத்துக் குறைந்தது. ஓமோன் வேண்டாதவருக்கு மனச்சோர்வுக்கு வழங்கும் சில மருந்துகள் குறைந்த அளவில் வெக்கையைத் தணிக்கும். மேலே கூறிய நரம்புக் கலங்களையே நேரடியாக அடக்கும் மருந்தொன்று 2023 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது, ஈரலைக் கண்காணிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. எண்ணப்போக்கைச் சீர்செய்யும் உளவியற் பயிற்சிக்கும் பயனுண்டு என ஆய்வுகள் காட்டியுள்ளன. யோனி வறட்சி, உடலுறவின்போது நோவு, அடிக்கடி சிறுநீர்க்கடுப்பு என்பவை பற்றி எழுதக் கூசுவோர் உளர். வெக்கை காலப்போக்கில் அடங்கும். இவை அடங்குவதில்லை, வளர்ந்து செல்லும். அவ்விடத்தே மட்டும் பூசும் மிகக் குறைந்த அளவு ஈஸ்திரஜன் பெரும்பாலோருக்கு ஆறுதல் தரும். கூச்சத்தின் விலையாக எத்தனை பெண்கள் இருபது ஆண்டு நோவைச் சுமக்கின்றனர் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

மருந்துக்கப்பால், என்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஈஸ்திரஜன் வீழ்ந்த முதற் சில ஆண்டுகளில் என்பின் அடர்த்தி விரைந்து குறைகிறது. எழுபதில் வழுக்கி விழுந்து இடுப்பு முறியும் பாட்டியின் கதை ஐம்பதிலேயே தொடங்கிவிட்டது. இருதய நோயும் இக்காலத்தின் பின்னரே பெண்ணை நெருங்குகிறது. குருதிக் கொழுப்பு, குருதியமுக்கம், நீரிழிவு மூன்றையும் அளந்து பார்க்க உகந்த தருணம் இதுவே. யாழ்ப்பாணத்திலே பெண்பிள்ளை பூப்பெய்தினால் உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் ஊட்டுவர். இடுப்பு உரம்பெறும் என்பர். வளரும் உடலுக்கு அவ்வுணவு என்று கண்ட அதே அறிவு, தேயும் உடலுக்கு ஒன்றையும் விதிக்கவில்லை. குரக்கன், எள்ளு, முள்ளோடு உண்ணும் நெத்தலி, பால், கீரை என்று கல்சியம் நிறைந்தவை நம் சமையலறையிலேயே உண்டு. ஆனால் யாவரும் உண்ட பின் எஞ்சியதை உண்பவள் தட்டில் அவை எஞ்சுகின்றனவா என்பதே கேள்வி. பாரந்தூக்கும் பயிற்சியும் விரைந்த நடையும் என்பைக் காக்கும் எனக் கூறும்போது, “எங்கள் பெண்கள் வீட்டுவேலையிலே போதிய பயிற்சி செய்கின்றனரே” என்று ஒரு விரிவுரையாளரே சொல்லக் கேட்டதுண்டு. அடுப்படியில் நின்று களைப்பது வேறு, தசைக்கு உரமூட்டுவது வேறு. மாலையில் அரை மணிநேரம் தனக்காக நடப்பதற்கு ஒரு பெண் வீதியில் இறங்கினால் “எங்கே போகிறாய்?” என்று கேட்கும் ஊர் நம்முடையது.

இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் விடுவது குற்றமாகும். ஓராண்டாக நின்றிருந்த குருதி மீண்டும் ஒரு துளி தென்பட்டாலும் அது ‘மறுபடி வந்துவிட்டது’ அன்று; புற்றுநோயில்லை என்று உறுதிசெய்யும்வரை வைத்தியரை விடக்கூடாது. மற்றையது, ஒழுங்கு தப்பியதும் கருத்தரிக்காது என்ற நம்பிக்கை பொய். ஐம்பதுக்கு மேற்பட்டவர் கடைசி மாதவிடாயிலிருந்து ஓராண்டும், ஐம்பதுக்குட்பட்டவர் ஈராண்டும் கருத்தடையைக் கைவிடலாகாது என்பதே வைத்தியர் கூறும் கணக்கு.

சொல்லைப் பற்றியும் ஒரு பூசல் உண்டு. பிரெஞ்சு வைத்தியர் கார்தான் 1821 இல் கிரேக்க வேர்கொண்டு ‘மெனொபோஸ்’ என்ற சொல்லை வழக்கிற்கொணர்ந்தார். நாம் அதை ‘மாதவிடாய் நிறுத்தம்’ என்று பெயர்த்தோம். நிறுத்தம் பிறவினை வழிவந்தது. வேலைநிறுத்தம், போர்நிறுத்தம், பேருந்து நிறுத்தம் என்பவற்றில் நிறுத்துபவர் ஒருவர் உண்டு. இங்கு நிறுத்துபவர் யார்? தானாக நிற்பதைத் தன்வினையாற் கூறுவதே தமிழ். ஆதலால் ‘நின்றுபோச்சு’ என்னும் நம் தாய்மாரின் பேச்சு வழக்கு கலைச்சொல்லாக்கக் குழுவினரின் ஆக்கத்தைவிட இலக்கண வழுவற்றது. இதனைச் சிறு விடயமென்று தள்ளுவோர் தள்ளட்டும். எனினும் அவ்விரு சொற்களுமே குருதி நிற்பதை மட்டுமே குறிக்கின்றன. அதற்கு முன்னும் பின்னுமாக ஓடும் அந்த ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பெயர் இன்னும் வேண்டியிருக்கிறது. பெயரில்லாததை வைத்தியரிடம் எவ்வாறு முறையிடுவது?

தொடக்கத்தை நாம் கொண்டாடும் முறையை இதனோடு ஒப்புநோக்கினால் முரண் இன்னும் கூர்மையாகும். சாமத்தியச் சடங்குக்குப் பந்தல், வாழைமரம், அழைப்பிதழ், ஒளிப்படக்காரர், இப்போது வானத்திலிருந்து படம்பிடிக்கும் கருவி வரை வந்துவிட்டது. சிறுமியின் மாதவிடாயை ஊருக்கு அறிவிக்கக் கூசாத குடும்பம், தாயின் மாதவிடாய் நின்றதை ஒரே கூரையின் கீழ் வாழும் மகனுக்கும் மகளுக்கும் சொல்லக் கூசுகிறது. அறிவிப்பதற்கு முன்னதில் விற்பனைப் பொருளொன்று இருந்தது, பின்னதில் இல்லை என்பதன்றி வேறென்ன விளக்கம்? ‘துடக்கு’ நீங்கிக் கோயில் உள்வீதி அவளுக்குத் திறந்துவிடுவதை ஒரு பேறாகக் கூறுவர். உடலைத் துடக்கென்று முப்பத்தைந்து ஆண்டு ஒதுக்கிவைத்துவிட்டு, உடல் ஓய்ந்தபின் தூய்மையைப் பரிசளிக்கும் பெருந்தன்மை அது.

வர்க்க வேறுபாட்டைக் கருதாமல் இதைப் பேசுதல் அரைகுறைப் பேச்சாகும். கொழும்பில் தனியார் வைத்தியசாலையொன்றில் நிபுணரைக் காணக்கூடிய பெண்ணும், மலையகத்தில் கொழுந்துக்கூடையைச் சுமந்து சரிவில் நிற்கும் பெண்ணும் ஒரே கடத்தலைத்தான் கடக்கின்றனர். நிற்பதற்கு முன்னைய ஆண்டுகளில் குருதிப்போக்கு மிகுந்து கட்டுக்கடங்காமற் போவது பலருக்கு நேர்வது. தேயிலை மலையில் கழிப்பறை எங்கே? துணியை மாற்றுவதற்கு இலயத்துக்கு இறங்கி ஏறினால் அன்றைய நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர். குருதிச்சோகையோடு நிறையெடுக்க முடியாதவளை ‘வயசு போட்டுது’ என்று ஒதுக்குவதில் கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் மாற்றுக்கருத்தில்லை. வடக்கிலும் கிழக்கிலும் 2009 இல் கணவனை இழந்தோ காணாமலாக்கப்பட்டவனைத் தேடியோ குடும்பத்தைத் தனியே சுமக்கத் தொடங்கிய இளம் பெண்கள் பலர் இன்று ஐம்பதை அண்மித்துக்கொண்டிருக்கின்றனர். அவர்களுடைய உறக்கமின்மையில் எது போரினால் வந்தது, எது ஓமோனால் வந்தது என்று பிரித்தறிய முயன்றவர் யார்? ஊழியர் சேமலாப நிதியை ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் மீளப்பெறலாம் என்பது நமது சட்டம். சலுகையாகத் தோன்றும் இவ்வேறுபாட்டின் பின்னே, ஐம்பதில் பெண்ணின் உழைப்புக்காலம் முடிந்தது என்ற எண்ணமன்றி வேறெது ஒளிந்திருக்கிறது? 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையினருக்கு அறுபதை மிகக்குறைந்த ஓய்வு வயதாக்கியபின், ஐம்பதிலிருந்து மேலும் பத்தாண்டு உழைக்கப்போகும் பெண்ணுக்கு வேலைத்தலத்தில் ஒரு மின்விசிறியும் ஒரு கழிப்பறை இடைவேளையும் வேண்டும் என்று எந்தத் தொழிற்சங்கமேனும் மேடையேறிக் கேட்கட்டும். நாம் கைதட்டக் காத்திருக்கிறோம். பிரித்தானியாவில் சமத்துவ ஆணைக்குழு 2024 பெப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டலில், இவ்வறிகுறிகள் நீண்டகாலம் கடுமையாகப் பாதிப்பின் அவற்றை 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் கீழ் மாற்றுத்திறனாகக் கொள்ளலாம் என்றும், தொழில்தருநர் தக்க ஏற்பாடு செய்யக் கடமைப்பட்டவர் என்றும் கூறியது. நமது பல்கலைக்கழகங்களின் ஒழுங்குவிதிகளில் மகப்பேற்று விடுமுறை உண்டு. இதற்கு ஒரு வரியும் இல்லை. பேராசிரியர் பதவியை எட்டும் வயதும் இவ்வயதும் ஒன்றாக வருவதைக் கலைப்பீடத்துப் பெண் விரிவுரையாளருக்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை.

அரசிடம் ஒன்றும் இல்லையென்று கூறுதல் நேர்மையாகாது. 1996 முதல் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் இயங்கிவருகின்றன. குருதியமுக்கமும் நீரிழிவும் மார்பும் அங்கு இலவசமாகப் பரிசோதிக்கப்படுகின்றன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்காக 35, 45 வயதுப் பெண்கள் குறிப்பாக அழைக்கப்படுகின்றனர். உலகின் பல ஏழை நாடுகளில் இல்லாத ஏற்பாடு இது. புதிய கட்டடமோ புதிய திணைக்களமோ நாம் கேட்கவில்லை. நாற்பத்தைந்தாவது வயதில் அழைக்கப்பட்டு வரும் பெண்ணிடம், கருப்பைக் கழுத்தைப் பார்த்தபின் வீட்டுக்கு அனுப்பாமல், மேலும் சில கேள்விகளை அவளுடைய மொழியிலேயே கேட்கட்டும்: இரவில் உறங்குகிறீர்களா? உடலில் வெக்கை ஏறுகிறதா? குருதி எத்தனை நாள் போகிறது? உறவின்போது நோகிறதா? விடைகளைக் குறித்துக்கொள்ளட்டும். குடும்பநல மாதின் பதிவேட்டில் 49 என்ற எல்லைக்குக் கீழே இன்னும் சில பக்கங்கள் சேரட்டும். இக்கேள்விகளைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் பொறுப்பை நமது தமிழ்ச் சங்கம் மருத்துவபீட மாணவரோடு சேர்ந்து இவ்வாண்டே ஏற்கலாம். வெக்கை, விறைப்பு, படபடப்பு, எரிவு என்று ஊர்ப்பெண்கள் வழங்கும் சொற்களை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் மன்னாரிலும் திரட்டிவர, விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவரைவிட வேறெவர் வேண்டும்?